சாஃப்ட்பால் வேண்டாம், பேஸ்பால்தான் என்றாள் மகள்

என் மகள் ஆறு வயதிலிருந்து பேஸ்பால் ஆடுகிறாள். நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் லீகில் பையன்களோடுதான் ஆடினாள். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஒன்பதாம் வகுப்பில் பள்ளி அணிக்கான தேர்வுக்குப் பதிவு செய்தோம். இரண்டாம் நாளே விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் போன் செய்தார். "பெண்களுக்கு சாஃப்ட்பால் இருக்கிறதே, அதில் சேர்த்துவிடவா?" அன்பாகத்தான் கேட்டார். மகள் அன்று இரவு சாப்பிடவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். பேஸ்பாலின் சுற்றளவு சுமார் 9 அங்குலம். கையை மேலே தூக்கி, 60 அடி 6 அங்குல தூரத்திலிருந்து எறிய வேண்டும். பள்ளிப் பெண்கள் சாஃப்ட்பாலில் பந்து 12 அங்குலம், 43 அடியிலிருந்து கையைக் கீழே சுழற்றிப் போட வேண்டும். எட்டு வருடம் பழகிய கையை அவள் எப்படி மாற்றுவாள்?

அப்புறம் சட்டத்தைப் படிக்க உட்கார்ந்தேன். டைட்டில் நைன், 1972: மத்திய அரசின் நிதி பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்னும் அமெரிக்கச் சட்டம். ஆங்கிலத்தில் வெறும் 37 சொற்கள், விளையாட்டு என்ற பேச்சே அதில் இல்லை. அது 1975-இல் வந்த விதிகளில்தான் இருக்கிறது. மத்திய அரசின் நிதி பெறும் பள்ளி ஒரு விளையாட்டில் ஒரு பாலினருக்கு மட்டும் அணி வைத்திருந்து, மற்ற பாலினருக்கு முன்பு வாய்ப்புக் குறைவாக இருந்திருந்தால், அவர்களையும் தேர்வுக்கு அனுமதிக்க வேண்டும். உடல் மோதும் ஆட்டங்களுக்கு இது பொருந்தாது. குத்துச்சண்டை, மல்யுத்தம், கூடைப்பந்து எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு, பேஸ்பால் இல்லை. மகள் மல்யுத்தம் கேட்டிருந்தால் இந்த விதி எங்களுக்கு உதவியிருக்காது. அது எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

சாஃப்ட்பால் இருந்தால் போதாதா என்ற கேள்விக்கு, போதாது, இரண்டும் ஒன்றல்ல என்று மேற்கு வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் 1989-இல் சொல்லியிருக்கிறது. எங்கள் மாநிலத்தை அது கட்டுப்படுத்தாது என்றாலும் பள்ளி நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்தில் சேர்த்தேன். எங்கள் மாநிலத்திலேயே 1972-இல் ஹோபோக்கனில் மரியா பெப்பே என்ற சிறுமியை மூன்று ஆட்டங்களுக்குப் பிறகு லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பில் ஆடவிடாமல் நிறுத்தினார்கள். வழக்கு நடந்து, 1974-இல் சிறுமிகளுக்குக் கதவு திறந்தது. அதே வருடம்தான் லிட்டில் லீக் தன் சாஃப்ட்பால் பிரிவையும் தொடங்கியது. எங்களுக்கு வந்த அந்தப் போன் எவ்வளவு பழைய பதில் என்று அப்போதுதான் புரிந்தது.

என் கணவர் தயங்கினார். "நாலு வருஷம் அங்கேதானே படிக்கணும், எதுக்கு வம்பு?" என்றார். மகள் சொன்னாள்: "எனக்கு இடம் குடுங்கன்னு கேக்கலப்பா. எறிஞ்சு காட்டத்தான் கேக்கறேன்."

கடிதத்தில் அதைத்தான் எழுதினேன். கேட்டது தேர்வு மட்டும். சட்டம் தருவதும் அவ்வளவுதான். ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் டைட்டில் நைனுக்கென்று ஒரு பொறுப்பாளர் இருந்தாக வேண்டும், பெயரும் முகவரியும் அவர்கள் இணையதளத்தில் கிடைக்கும். அவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் கேட்டேன். போனில் யார் என்ன சொன்னாலும் அன்றே சுருக்கமாக எழுதி அனுப்பி வைத்தேன். இதைத் தவறாமல் செய்யுங்கள். மத்திய கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகத்தில் புகார் கொடுக்க 180 நாள் அவகாசம் உண்டு. அந்தக் கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொண்டேன், ஆனால் கடிதத்தில் மிரட்டலாக எழுதவில்லை.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது: தேர்வுக்கு வரலாம்.

மார்ச்சில் மூன்று நாள், நல்ல குளிர். முதல் நாள் அவளோடு ஜோடி சேர்ந்து பந்து எறிய யாரும் வரவில்லை. ஊர் லீகில் கூட ஆடிய ஒரு பையன் கடைசியில் வந்து நின்றான். மூன்றாம் நாள் மாலை பட்டியல் வந்தது. முதன்மை அணியில் இல்லை, ஜூனியர் அணியில் இருக்கிறாள், இரண்டாவது பேஸில் நின்று பந்து தடுக்கும் இடத்தில். பந்தெறிய இன்னும் விடவில்லை. உடை மாற்ற அறை எது என்று கேட்டு நேற்று அடுத்த மின்னஞ்சலை அனுப்பியிருக்கிறேன்.