மாத்திரையும் லாட்டரிச் சீட்டும்

உதறுவாதம் என்று நம் ஊர்களில் சொல்லப்படும் பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் மாத்திரைகளில் ஒரு வகை, அதுவரை ஒரு ரூபாய்கூடச் சூதில் வைத்திராத மனிதரையும் சூதாட வைத்துவிடக்கூடும் என்பது, நரம்பியல் மருத்துவர்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த செய்தி. நோயாளியின் வீட்டாருக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. எங்கள் வீட்டிலும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

என் பெரியப்பா செங்கோட்டையில் இருக்கிறார். கருவூலத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏலச்சீட்டுக் கட்டுவதையே, காசை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு ஆண்டவனைக் கும்பிடுகிற வேலை என்று ஒதுக்கியவர். நோய் முதலில் அவருடைய கையெழுத்தில்தான் தெரிந்தது. வரியின் தொடக்கத்தில் ஒழுங்காக இருக்கும் எழுத்து, வரி முடிவதற்குள் கடுகளவாகச் சுருங்கிவிடும். பிறகு சட்டைப் பொத்தான் போட முடியாமல் போயிற்று. அதன்பின் நிலைப்படிக்கு வந்தால் கால் நகராமல் அப்படியே நின்றுவிடும், ஆனால் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் குறுக்குக் கோடுகள் போட்டால் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுவார். இந்த நோய்க்கான முதன்மை மருந்தான லெவோடோபாவுடன் பிராமிபெக்சோல் என்ற மாத்திரையும் சேர்க்கப்பட்ட பிறகு நடை கணிசமாகத் திரும்பியது. சில மாதங்களில் அவர் தனியாகக் கேரளத்தில் உள்ள ஆரியங்காவுக்குப் பேருந்து ஏறத் தொடங்கினார். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. புளியரைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரள அரசின் சீட்டுகளைத் தாராளமாக வாங்கலாம். பெரியம்மா ஒருநாள் பீரோவைத் துடைக்கும்போது, பழைய கணக்கு நோட்டுகளுக்குப் பின்னால், ரப்பர் வளையம் போட்டுத் தேதி வாரியாக அடுக்கிய சீட்டுக் கட்டுகள் கிடைத்தன. ஒவ்வொரு கட்டின் மேலும் செலவான தொகை எழுதப்பட்டிருந்தது. உறவினர்கள் எல்லோரும் ஒரே குரலில், வயசான காலத்தில் புத்தி இப்படிப் போய்விட்டதே என்றார்கள்.

புத்தி எங்கே போயிற்று என்பதைப் புரிந்துகொள்ள நடுமூளைக்குப் போகவேண்டும். அங்கே கறுப்பாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில் உள்ள நரம்பு செல்கள், செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைனைச் சுரக்கின்றன. உதறுவாதத்தில் அழிபவை இவைதாம். டோபமைனுக்கும் உடல் அசைவுக்கும் உள்ள தொடர்பை வெளிக்கொணர்ந்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த அர்விட் கார்ல்சன். நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தாவின் வேரில் உள்ள ரெசர்பைனைக் கொடுத்து முயல்களை அசையாமல் கிடக்கச் செய்து, பின்னர், மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபாவைச் செலுத்தி அவற்றை மீண்டும் நடமாட வைத்தார் (1957). இந்த வழியிலான ஆய்வுகளுக்காக 2000இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1960இல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகிவிச், இந்த நோயால் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து, அங்கே டோபமைன் பெரிதும் குறைந்திருப்பதைக் காட்டினார். லெவோடோபா நம்மூர் வேலியோரத்துப் பூனைக்காலி விதையிலும் உண்டு. அதை அவ்விதையிலிருந்து பிரித்தெடுத்துச் சென்னையில் இருந்த வேதியியலாளர்கள் 1937இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டுவிட்டார்கள். அதற்கு மூளையில் என்ன வேலை என்று அப்போது உலகில் ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் டோபமைன் அசைவுக்கு மட்டும் உரியதல்ல. மூளையின் அடியாழத்தில் ஸ்ட்ரையேட்டம் என்றொரு பகுதி இருக்கிறது. அதன் மேற்புறம் கைகால் அசைவோடும் பழக்கங்களோடும் தொடர்புடையது. கீழ்ப்புறம் ஆவலோடும் எதிர்பார்ப்போடும், ஒன்றைப் பெறுவதற்காக முயலும் உந்துதலோடும் தொடர்புடையது. நோயின் முற்பகுதியில் டோபமைன் வற்றிப்போவது பெரும்பாலும் மேற்புறத்தில்தான். கீழ்ப்புறத்துக்கு ஓரளவு குறையில்லாமல் கிடைத்துக்கொண்டிருக்கும். மூளையில் டோபமைனைப் போலவே வேலைசெய்யும் பிராமிபெக்சோல் மாத்திரையோ இரண்டு இடத்துக்கும் சேர்ந்தே போகிறது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டட்டும் என்று மதகைத் திறந்துவிட, தலைமடை வயல் மூழ்கிப்போவதைப் போன்றது இது. போதாக்குறைக்கு, பிராமிபெக்சோல் மிகுதியாகப் பற்றிக்கொள்ளும் டி3 என்ற ஏற்பிகள், அதாவது செல்லின் மேல் டோபமைன் வந்து ஒட்டும் இடங்கள், கீழ்ப்புறத்தில்தான் அதிகம்.

மூழ்கினால் மனிதனுக்கு என்ன ஆகிறது? குரங்குகளின் டோபமைன் செல்களின் மின்துடிப்பைப் பதிவு செய்த ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், எதிர்பாராத பழச்சாறு கிடைக்கும்போது அவை படபடவென்று துடிப்பதையும், வரவேண்டிய சாறு வராதபோது அந்தக் கணத்தில் அவற்றின் துடிப்பு வழக்கத்தைவிடவும் தாழ்ந்துவிடுவதையும் கண்டார். ஏமாற்றம் என்று நாம் உணர்வதன் ஒரு பகுதியாவது இந்தத் தாழ்வில் இருக்கிறது. 2004இல் மைக்கேல் ஃபிராங்க்கும் அவருடைய குழுவினரும், உதறுவாத நோயாளிகளிடம் முன்பின் அறியாத ஜப்பானிய எழுத்துகளை இரண்டிரண்டாகக் காட்டி, எது சரியான தேர்வு என்பதைப் பலனைப் பார்த்தே கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். மருந்து எடுக்காத நிலையில் இருந்தவர்கள் தவறான தேர்விலிருந்து நன்றாகக் கற்றார்கள். மருந்து எடுத்திருந்தவர்கள் சரியான தேர்விலிருந்துதான் நன்றாகக் கற்றார்கள். மருந்து உள்ளே இருக்கும்போது டோபமைனின் தாழ்வு எடுபடுவதில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இதைப் படித்த பிறகுதான் பெரியப்பா என்னிடம் சொன்ன ஒரு சொல் எனக்குப் பிடிபட்டது. “எவ்வளவு போச்சுன்னு எனக்குத் தெரியும்டா, கட்டு மேலேயே எழுதி வச்சிருக்கேனே. ஆனா அது உறைக்கவே இல்லை” என்றார். பேராசை என்ற விளக்கம் இதற்குச் சற்றும் பொருந்தவில்லை. கணக்கு தெரிந்த மூளை ஒழுங்காகக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தது. நட்டம் சுடவேண்டிய இடத்தில்தான் சூடு இல்லை. விவேகம், சிக்கனம், அடக்கம் என்று நாம் ஒருவருடைய குணமாகப் போற்றுபவற்றில் எத்தனை இந்தச் சூட்டை நம்பி நிற்கின்றனவோ!

இப்படிச் சொல்வதால் எல்லாப் பொறுப்பையும் மாத்திரையின் மேல் போட்டுவிடவும் முடியாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், இந்த வகை மாத்திரையை எடுத்தவர்களுள் 17.1 சதவீதத்தினரிடமும் எடுக்காதவர்களுள் 6.9 சதவீதத்தினரிடமும் சூதாட்டம், அளவுமீறிய காமம், கட்டற்ற கொள்முதல், அடக்கமுடியாத உணவுவேட்கை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றாவது காணப்பட்டது. வயதில் இளையவர்கள், திருமணமாகாதவர்கள், புகைபிடிப்பவர்கள், குடும்பத்தில் சூதாட்டப் பழக்கம் உள்ளவர்கள் ஆகியோரிடம் அது கூடுதலாக இருந்தது. ஆறில் ஐவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்து தூண்டிவிடுகிறது, அது எந்த வடிவத்தை எடுக்கிறது என்பதை அவரவர் வாழ்க்கையும் ஊரும் தீர்மானிக்கின்றன. சாவடிக்கு அப்பால் சீட்டுக் கடைகள் இல்லாதிருந்தால் பெரியப்பா வேறு எதிலாவது இறங்கியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

மருத்துவரிடம் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் கடும் பதற்றமும் சோர்வும் வரக்கூடும் என்பதால் படிப்படியாகக் குறைத்தார். லெவோடோபாவைச் சற்றுக் கூட்டினார். ஆரியங்காவுப் பயணம் சில வாரங்களில் நின்றுபோனது. பொத்தான் போடுவதற்கு இப்போது மீண்டும் பெரியம்மா வேண்டும். எழுதிக்கொடுத்த அன்றே இதைச் சொல்லியிருக்கலாமே என்று மருத்துவரிடம் கேட்டதற்கு, பயந்துபோய் மாத்திரையையே விட்டுவிடுவார்கள் என்றார். எனக்கு அந்தப் பதில் ஏற்புடையதாக இல்லை, ஏனெனில் இத்தகைய மாற்றத்தை நோயாளி தானாக உணர்வது அரிது, வெட்கத்தால் மறைப்பவர்களும் உண்டு, கவனிக்கக்கூடியவர்கள் வீட்டார்தான்.

இரவில் கால்கள் ஓய்வின்றித் துடிக்கும் கோளாறுக்கும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் ஆகியவை எழுதப்படுகின்றன. அந்த நோயாளிகளின் மூளையில் உதறுவாதத்தைப் போல டோபமைன் செல்கள் அழிவதில்லை. ஆயினும் அவர்களுள் சிலரிடமும் இதே சூதாட்டமும் கொள்முதல் வெறியும் பதிவாகியுள்ளன.