கேமரா வாங்கப் பணம் இருக்கிறது, துடைக்கப் பணம் இல்லை

கொடைக்கானலில் கண்காணிப்புக் கேமரா பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். விடுதிகளும் கடைகளும் தோட்டத்து வீடுகளும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. காவல் துறைக்காகச் சாலையோரக் கம்பங்களில் கட்டிய கேமராக்களையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்தக் கம்பங்களில் ஏறி இறங்கியவன் என்ற முறையில், அரசு நிதிக்கு எஸ்டிமேட் போடுகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கேமராவுக்கு மட்டும் பணம் கேட்காதீர்கள். ஐந்து வருடப் பராமரிப்புக்கும் சேர்த்துக் கேளுங்கள். தர மாட்டோம் என்றால் கேமரா எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நிதிக்கு வழி இல்லாமல் இல்லை. காவல் துறை நவீனமயமாக்கல் திட்டத்தில் நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற கணக்கில் செலவு பிரிகிறது. பெண்கள் பாதுகாப்புக்காக 2013-இல் தொடங்கிய நிர்பயா நிதியிலிருந்து சென்னை உட்பட 8 பெருநகரங்களுக்குப் பாதுகாப்பான நகரம் திட்டம் வந்தது. மலை ஊர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. எம்.பி. நிதி ஆண்டுக்கு 5 கோடி, எம்.எல்.ஏ. நிதி 3 கோடி. நமக்கு நாமே திட்டத்தில் ஊர் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தருகிறது. சென்னையில் மூன்றாவது கண் என்று தெருத் தெருவாகக் கேமரா வைத்தபோது வணிகர்களும் குடியிருப்போரும் கொடுத்த பணம்தான் பெரும்பகுதி. ஆனால் இந்த வழிகளில் பெரும்பாலானவை பொருள் வாங்குவதற்கானவை. எம்.பி. நிதியின் அடிப்படையே நிலைத்து நிற்கும் சொத்தை உருவாக்குவதுதான். திறப்பு விழா முடிந்த மறுநாளிலிருந்து ஆகிற செலவு யாருடைய தலையில் என்ற கேள்விக்கு மட்டும் கோப்பில் பதில் இருக்காது.

சமவெளியில் ஒரு கேமராவைக் கட்டிவிட்டு ஆறு மாதம் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். இங்கே முடியாது. மழைக்காலத்தில் மாலை நான்கு மணிக்கெல்லாம் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வந்துவிடும். இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு எரியும். அந்த ஒளி மூடுபனித் துளிகளில் பட்டு லென்ஸுக்கே திரும்பி வரும். திரை முழுக்க வெள்ளை. விளக்கைத் தனியாகக் கழற்றிச் சற்றுத் தள்ளிப் பொருத்தினால் ஓரளவு சரியாகும், ஆனால் அது எந்த எஸ்டிமேட்டிலும் இருப்பதில்லை. மூட்டம் இல்லாத இரவில் விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். கண்ணாடிக்குக் குறுக்கே ஓர் இழை போதும், வண்டி எண்ணுக்குப் பதிலாக அந்த இழைதான் பளிச்சென்று பதிவாகும்.

சென்ற ஐப்பசி மழையில் ஒரு கம்பத்தின் இணைப்புப் பெட்டியைத் திறந்தேன். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அடியில் ஒரு விரல்கடை தண்ணீர். நெட்வொர்க் கேபிளின் முனையில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. அடாப்டரின் சூட்டுக்கு ஒண்டியபடி ஓர் எறும்புக் கூட்டம், முட்டைகளோடு. தண்ணீரை வடித்து, முனையை வெட்டிப் புதிதாகப் போட்டு, சிலிகான் பூசி மூடினேன். பொருட்செலவு இருநூறு ரூபாய்க்குள். ஆனால் அந்தக் கேமரா மாதக்கணக்காகக் குருடாகக் கிடந்திருக்கிறது. அந்த இருநூறு ரூபாயையும் ஏணிக் கூலியையும் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாததால் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

கம்பத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அக்காவின் கல்லாவை அந்த மாதங்களில்தான் உடைத்துவிட்டார்கள். நான் இறங்கி வந்ததும், “தலைக்கு மேலேயே அது இருக்கிறதே தம்பி, அதை நம்பித்தானே பழைய பூட்டையே போட்டிருந்தேன்” என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. கேமரா இல்லாத தெருவில் ஜனங்கள் தாங்களே எச்சரிக்கையாக இருப்பார்கள். செத்த கேமரா அந்த எச்சரிக்கையையும் பறித்துவிடுகிறது.

அடுத்தது பதிவைச் சேமிக்கிற ஹார்ட் டிஸ்க். பதிவின் அளவை நொடிக்கு 2 மெகாபிட் என்று சிக்கனமாக வைத்தாலும் ஒரு கேமரா ஒரு நாளைக்குச் சுமார் 22 ஜி.பி. தின்னும். 16 கேமராவுக்கு 4 டி.பி. (4,000 ஜி.பி.) டிஸ்க் என்று எஸ்டிமேட்டில் போட்டால் பன்னிரண்டாம் நாள் பழைய பதிவு அழியத் தொடங்கும். சீசனில் இங்கே பையைத் தொலைக்கிற சுற்றுலாப் பயணி மதுரைக்கோ பெங்களூருக்கோ போய்ச் சேர்ந்து, ஆற அமரப் புகார் எழுதுவதற்குள் அது போய்விடும். காவல் நிலையங்களுக்குள் இருக்கும் கேமராக்களின் பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. மேலே சொன்ன சிக்கனக் கணக்கில்கூட 18 மாதத்துக்கு ஒரு கேமராவுக்கு ஏறத்தாழ 12 டி.பி. வேண்டும். அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்ட தந்தையும் மகனும் இறந்தார்கள். அங்கே 1 டி.பி. டிஸ்க் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன என்று விசாரித்த நீதித் துறை நடுவர் எழுதினார். இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு அந்த வரி இன்னும் ஆறவில்லை.

வெளிநாட்டிலும் கதை வேறல்ல. 2015-இல் அமெரிக்க நீதித் துறை போலீஸார் சட்டையில் அணியும் கேமராக்களுக்காக 32 மாநிலங்களில் 73 அமைப்புகளுக்கு 2.3 கோடி டாலருக்கு மேல் மானியம் கொடுத்தது. உள்ளூர் அமைப்பும் சரிபாதி போட வேண்டும். பயிற்சித் திட்டத்தை முதலில் காட்டினால்தான் கேமரா வாங்க முடியும். பதிவுகளை நீண்ட காலம் சேமிக்கிற செலவு முழுவதும் உங்களுடையது என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அந்த நேர்மையாவது நம் அரசாணைகளில் வேண்டும்.

இன்னொன்றையும் விட முடியாது. ஒரு சந்துக் கம்பத்தில் கேமராவைத் திருப்பிப் பார்த்தபோது எதிர்வீட்டுக் குளியலறை ஜன்னல் நேராகத் தெரிந்தது. அந்தப் பகுதியை மென்பொருளில் மறைத்துவிட்டு வந்தேன். அப்படிச் செய்யச் சொல்லி எனக்கு எந்த எழுத்துப்பூர்வ விதியும் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் தீர்ப்பு வந்துவிட்டது. அமெரிக்காவின் ஓக்லாந்தில் துறைமுகப் பாதுகாப்புக்கென்று வந்த மத்திய மானியத்தில் ஊர் முழுவதையும் கண்காணிக்கும் மையம் கட்டப் பார்த்தார்கள். மக்கள் எதிர்த்ததால் 2014-இல் நகர்மன்றம் அதைத் துறைமுகத்தோடு நிறுத்தியது. பத்தலக்குண்டு சாலையும் பழனி சாலையும் சேரும் பெருமாள்மலையில் ஒரு கேமரா வைத்தால் அவ்விரு சாலைகளில் வரும் எல்லா வண்டியும் அதில் விழும். அந்தப் பதிவை யார் பார்க்கலாம் என்பது மானியம் வாங்குவதற்கு முன்பே முடிவாக வேண்டிய விஷயம்.

எங்கள் வார்டு கவுன்சிலரிடம் இதை மனுவாக எழுதிக் கொடுக்கப்போகிறேன். பராமரிப்பு ஒப்பந்தம் டெண்டரிலேயே இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை கண்ணாடி துடைக்க வேண்டும். பழுதைச் சொல்ல ஒரு தொலைபேசி எண் கம்பத்திலேயே எழுதியிருக்க வேண்டும். நாயுடுபுரம், ஆனந்தகிரி, மூஞ்சிக்கல் பக்கம் இருப்பவர்கள் எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். இரவில் கம்பத்தடியில் நின்று பார்த்தால், பெரும்பாலான கேமராக்களில் லென்ஸைச் சுற்றி மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரியும். உங்கள் தெருக் கேமராவில் அது தெரியவில்லை என்றால் இடத்தைக் குறித்து எனக்குத் தனியாக எழுதுங்கள். மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.