சுவிட்ச்கியர் பேப்பர்: ஆர்க் கேள்வியை விட்டுவிடாதீர்கள்

நேற்று ரிசல்ட். அண்ணா பல்கலைக்கழக ஆறாவது செமஸ்டர் புரொடெக்‌ஷன் அண்ட் சுவிட்ச்கியர் (மின்சுற்றுப் பாதுகாப்பும் அறுப்புக் கருவிகளும்) பேப்பரில் 'ஓ' கிரேடு. அப்பாடா! ரிலேவை (கோளாறைக் கண்டுபிடிக்கும் கருவி) எல்லாரும் விழுந்து விழுந்து படிப்பார்கள், அதை விடுங்கள். ஐந்தாவது யூனிட் ஆர்க்தான், அதாவது சர்க்யூட் பிரேக்கரின் காண்டாக்டுகள் பிரியும்போது நடுவே எரியும் மின்வில்தான், என்னைத் தூக்கிவிட்டது.

"வோல்டேஜ் அதிகம், அதனால் ஆர்க்" என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் உண்டு. 13 மார்க் கேள்விக்கு அது போதாது. காண்டாக்ட் பிரியும்போது தொடும் பரப்பு சுருங்கி, கடைசியில் ஓரிரு புள்ளிகள் வழியாகவே மொத்த கரண்டும் பாய்கிறது. அந்த இடம் உருகி, ஆவியாகி, அறுகிறது. இடைவெளி மிகச் சிறியது என்பதால் கொஞ்சம் வோல்டேஜே கடுமையான மின்புலத்தைக் கொடுத்துவிடும். சூடான கேத்தோடிலிருந்து (எதிர்மின் முனை) கிளம்பும் எலக்ட்ரான்கள் வாயுவை மோதி அயனியாக்கும். அப்புறம் ஆர்க்கை அணையாமல் வைத்திருப்பது அதன் சொந்தச் சூடு, பல ஆயிரம் டிகிரி.

எங்கள் லேபில் பிரித்து வைத்த பழைய எம்சிபி (சின்ன சர்க்யூட் பிரேக்கர்) ஒன்று இருந்தது. காண்டாக்ட் நுனியில் கருகிய குழிகள், பக்கத்தில் அடுக்கடுக்காக இரும்புத் தகடுகள். தகடுகளுக்குள் போகும் ஆர்க் துண்டு துண்டாகும். ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக வோல்டேஜ் வேண்டும். அதைப் பார்த்தபிறகு 'ஆர்க் ஷூட்' (arc chute, அந்தத் தகடு அடுக்கு) பகுதியை மனப்பாடம் செய்யவே தேவைப்படவில்லை.

நான் அடித்துச் சொல்வது ஒன்றுதான்: எழுதும் முன் வரையுங்கள். கரண்ட், ஆர்க் வோல்டேஜ், ரெஸ்ட்ரைக்கிங் வோல்டேஜ் (ஆர்க் அணைந்ததும் காண்டாக்டுகளுக்கு நடுவே எழும் வோல்டேஜ்) மூன்றும் ஒரே கால அச்சில். 50 ஹெர்ட்ஸில் 10 மில்லி வினாடிக்கு ஒருமுறை கரண்ட் ஜீரோவைத் தொடும். அங்கே இடைவெளியின் தாங்குதிறன் முந்துகிறதா, ரெஸ்ட்ரைக்கிங் வோல்டேஜ் முந்துகிறதா? முதலாவது முந்தினால் ஆர்க் அணையும், இரண்டாவது முந்தினால் மறுபடி பற்றும். ஸ்லெபியனின் பந்தயக் கோட்பாடு இவ்வளவுதான். டிசியில் அந்த ஜீரோ கிடையாது, அதனால்தான் அதை அறுப்பது அவ்வளவு சிரமம்.

மற்றவை சுருக்கமாக:
- ஆர்ஆர்ஆர்வி (ரெஸ்ட்ரைக்கிங் வோல்டேஜ் ஏறும் வேகம்) கணக்கு: லைன் வோல்டேஜ் 11 கேவி என்றால் உச்ச ஃபேஸ் வோல்டேஜுக்கு √3-ஆல் வகுத்து √2-ஆல் பெருக்குங்கள்: 8.98 கேவி. எல் 10 மில்லிஹென்றி, சி 0.01 மைக்ரோஃபாரட் என்றால் √எல்சி 10 மைக்ரோ வினாடி. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் உச்ச ஆர்ஆர்ஆர்வி சுமார் 0.9 கேவி/மைக்ரோ வினாடி.
- கரண்ட் சாப்பிங்: ஜீரோவுக்கு முன்பே ஆர்க் அறுந்தால் ஐ√(எல்/சி) அளவு வோல்டேஜ் எகிறும் (ஐ என்பது அறுந்த கணத்தின் கரண்ட்). ஆர்க் கொஞ்சநேரம் நிற்பது நல்லதுக்கே என்று இங்கே ஒரு வரி எழுதுங்கள்.
- வேக்குவம் பிரேக்கரில் வாயு இல்லை. ஆர்க் எரிவது காண்டாக்டின் உலோக ஆவியில். 2 மார்க்கில் வரும்.
- எஸ்எஃப்6 (சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு வாயு) பிரேக்கர் என்றால் எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும் குணத்தை முதலில் எழுதுங்கள், மிச்சமெல்லாம் பிறகு.