அப்பாவுக்கான நினைவுத் தொகுப்பு: இதுவரை செய்தது

அப்பாவின் படங்கள், குரல், கையெழுத்து எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு புத்தகமாகக் கொடுக்க வேண்டும் என்று நான் தொடங்கிய வேலை இப்போது பாதிக்கு மேல் வந்துவிட்டது. தங்கள் வீட்டில் ஒருவருக்காக இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று, செய்தவரை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பிரித்தேன். அம்மாவுக்குக் கணவராக வந்த புதிதில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒரு பக்கம், எங்களை வளர்த்த காலத்து ஆல்பங்களும் கேசட்டுகளும் இன்னொரு பக்கம், தாத்தாவான பிறகு எல்லோருடைய போனிலும் சிதறிக் கிடந்த வீடியோக்கள் தனியாக. கணவராக அவர் இருக்கிறார், தாத்தாவாக நிறையவே இருக்கிறார், நடுவில் நாங்கள் வளர்ந்த வருடங்களில் ஆளையே காணோம். கேமரா அவர் கையில் இருந்தது, அவ்வளவுதான் காரணம். அதனால் இந்த வேலையில் பெரும்பகுதி அந்த நடு வருடங்களில் அவரைத் தேடுவதாகவே ஆகிவிட்டது.

ஸ்கேன் செய்வது பழகிவிட்டால் சுலபம். 600 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி என்று வைத்தேன். 4க்கு 6 அங்குலப் படம் அந்த அளவில் 2400க்கு 3600 பிக்சல் வரும், பிறகு இரண்டு மடங்கு பெரிதாக அச்சிட்டாலும் முகம் உடையாது. மூலக் கோப்பைத் தரம் குறையாத டிஃப் வடிவத்தில் வைத்துக்கொண்டு, திருத்தம் எல்லாம் அதன் ஜேபெக் நகலில் மட்டும் செய்கிறேன். ஒட்டும் பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பம்தான் பாடாய்ப் படுத்தியது, பசை இறுகிப் படத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, இழுத்து இழுத்து மெதுவாக நகர்த்தினால் பெரும்பாலும் வந்துவிடும். வராததைப் பிடுங்காதீர்கள், பக்கத்தோடு சேர்த்து அப்படியே ஸ்கேன் செய்யுங்கள்.

ஆச்சரியம் என்னவென்றால் அவர்கள் கல்யாணத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்னும் தெளிவாக இருக்கின்றன, அதற்குப் பல வருடம் கழித்து எடுத்த எங்கள் வண்ணப் படங்கள் செம்மண் நிறத்துக்குப் போய்விட்டன. கறுப்பு வெள்ளையில் உருவம் வெள்ளித் துகளால் ஆனது, சரியாகக் கழுவி எடுத்திருந்தால் நெடுங்காலம் நிற்கும். வண்ணப் படத்தில் இருப்பது சாயம். அந்தக் காலத்துத் தாள்கள் பலவற்றில், இருட்டில் பூட்டி வைத்திருந்தாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும், அதனால்தான் எல்லாம் சிவந்து தெரிகிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் மென்பொருளில் தனித்தனியாகச் சரிசெய்தால் ஓரளவு மீட்கலாம். ஆனால் முகச் சுருக்கத்தையும் தழும்பையும் வழித்துவிடும் தானியங்கித் திருத்தம் எதையும் நான் தொடுவதில்லை. அப்பாவின் புருவத்து வெட்டு இல்லாவிட்டால் அது அப்பாவே இல்லை.

படத்தின் பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள். எங்கள் அப்பா மென்மையான பென்சிலால் யார் யார், எந்த மாதம் என்று சாய்வான எழுத்தில் குறித்து வைத்திருக்கிறார். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும், மையும் ஊறும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. குறிப்பு இல்லாத படங்களுக்கு அண்ணனின் விழுந்த முன்பல்தான் நாட்காட்டி, அதை வைத்தே வருடத்தை ஏறக்குறைய கணித்துவிட்டேன். ஒரு படத்தில் நானும் அண்ணனும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறோம், எங்கள் காலடி வரை ஒரு நிழல் நீண்டு வந்திருக்கிறது, இரண்டு முழங்கையும் மடங்கி, கேமராவை முகத்தோடு ஒட்டிப் பிடித்த நிழல். அது இத்தனை வருடமாக ஆல்பத்தில் இருந்த படம்தான். பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அவரும் அதில் நிற்கிறார் என்று தெரிந்தது. புத்தகத்தில் அதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறேன்.

அடுத்தது கேசட்டுகள். கேசட்டை ஓட்டும் டெக்கில் போடுவதற்கு முன் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகளையும் உடைத்துவிடுங்கள், தெரியாமல் ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் அழியாது. டெக்கில் நாடா உரசிப் போகும் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்ததும் நாடாவை ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டுத்தான் பதிவு. 90 நிமிடக் கேசட்டின் நாடா 60 நிமிடக் கேசட்டை விட மெல்லியது, அதைக் கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டும். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கணினிக்கு எடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகச் சேமித்தேன். குறுக்கு வழி கிடையாது, கேசட் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் ஓடித்தான் ஆக வேண்டும். இரைச்சல் நீக்கத்தைக் கொஞ்சம் கூட்டினாலே குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடுகிறது, அதனால் இரைச்சலை அப்படியே விட்டுவிட்டேன்.

கேசட்டிலும் பேசுவது நாங்கள்தான். பள்ளிக்கூடத்துப் பாட்டு, அண்ணன் சொல்லும் கதை, சண்டை. அவர் குரல் நடுநடுவே, "சரி, அப்புறம்?" என்று மட்டும் வரும். கதை நின்றுபோனால் கொஞ்சம் பொறுத்துவிட்டு மறுபடியும் "அப்புறம்?" வரும், அவசரப்படுத்தும் குரலே இல்லை. அதையெல்லாம் தனியாக வெட்டி ஒன்றாகச் சேர்க்கலாமா என்று அண்ணன் கேட்டான். நான் சம்மதிக்கவில்லை. எங்கள் பேச்சு இல்லாமல் அந்த "அப்புறம்" எதற்கு என்று யாருக்கும் புரியாது.

இதையெல்லாம் விடப் பெரிதாகக் கிடைத்தது அம்மாவின் பேச்சு. "அப்பாவைப் பற்றிச் சொல்லும்மா" என்றால் "என்னத்தைச் சொல்ல, நல்ல மனுஷர்" என்பதோடு நின்றுவிடும். படத்தைக் கையில் கொடுத்து "இதை எடுப்பதற்கு முன்னால் என்ன நடந்தது?" என்று கேட்டால் போதும், அந்த நாள் முழுக்க வந்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு போனில் பதிவு செய்கிறேன், ஒன்று நின்றாலும் இன்னொன்று இருக்கும். அம்மா பேச்சை நிறுத்தினால் நான் குறுக்கிடுவதில்லை, பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் முக்கியமான விஷயம் வருகிறது. களைப்பாகத் தெரிந்தால் அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுகிறேன்.

என் மகள் ஒருநாள் இடையில் புகுந்து, "தாத்தாவுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார் பாட்டி?" என்று கேட்டாள். எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதே இல்லை. அம்மா சிரித்துவிட்டு, "உங்க தாத்தா கத்தமாட்டார், ரெண்டு நாள் பேசாமலே இருப்பார், அதுக்குக் கத்தியிருக்கலாம்" என்றார். மூன்றாம் நாள் காலையில் ஒன்றும் நடக்காதது போல, "ஏம்மா, என் கண்ணாடியைப் பார்த்தியா?" என்று கேட்பாராம், கண்ணாடி அவர் சட்டைப் பையிலேயே இருக்குமாம், அதுதான் சமாதானம். "இதையும் போடு, நல்லதை மட்டும் போட்டால் யாரோ ஒருத்தர் மாதிரி இருக்கும்" என்று அம்மாவே சொன்னார். அம்மா சொல்வதுதான் சரி, நான் முழுக்க உடன்படுகிறேன். அந்தப் பகுதியைப் பேச்சு மாற்றாமல் அவர் வார்த்தைகளிலேயே போட்டிருக்கிறேன்.

தாத்தா வீடியோக்களைப் பற்றி ஒன்றே ஒன்று. வாட்ஸ்அப்பில் வழக்கம் போல அனுப்பினால் தரம் குறைந்துவிடும், படம் எடுத்த தேதி போன்ற விவரங்களும் பெரும்பாலும் போய்விடும். எடுத்தவரின் போனிலிருந்து நேரடியாகவோ, டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லியோ மூலக் கோப்பை வாங்குங்கள்.

கோப்புப் பெயர்களில் வருடத்தை முன்னால் வைத்திருக்கிறேன், தானாக வரிசையாகிவிடும். எல்லாம் மூன்று பிரதி: என் கணினியில் ஒன்று, ஹார்டு டிஸ்கில் ஒன்று, அண்ணன் வீட்டில் ஒன்று.

இன்னும் நெகடிவ்கள் இருக்கின்றன. 35 மிமீ ஃபிலிமில் ஒரு படம் வெறும் 24க்கு 36 மிமீதான், அதற்கு 2400 டிபிஐக்குக் குறையாமல் வேண்டும், ஃபிலிமுக்கான ஒளி உள்ள ஸ்கேனரும் வேண்டும், இரவல் சொல்லி வைத்திருக்கிறேன். அப்பாவின் கல்யாணத்துக்கு முந்தைய படங்களில் சிலரை அம்மாவுக்கும் அடையாளம் தெரியவில்லை. அவற்றைப் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு அத்தையிடம் எடுத்துக்கொண்டு போகப் போகிறேன், தம்பியின் சிறு வயதுக் கூட்டாளிகளை அவருக்குத்தான் தெரியும்.