ஏழைக்கு உயரமும் எடையும், பணக்காரனுக்கு வெறும் திசை

அமெரிக்கப் பாடகர் ஆலிவர் ஆண்டனியின் 'ரிச் மென் நார்த் ஆஃப் ரிச்மண்ட்' பாட்டைப் பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது. 2023 ஆகஸ்டில் வந்த பாட்டு, இப்போது எதற்கு என்று கேட்கலாம். அப்போது அதைப் பற்றிப் பேசியவர்களில் பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள், மீதிப் பேர் காறித் துப்பினார்கள், பாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று நிதானமாகப் பார்த்தவர்கள் குறைவு.

தெரியாதவர்களுக்காக: ஆண்டனி வர்ஜீனியா மாநிலத்தின் ஃபார்ம்வில் பக்கத்து ஆள். அப்போது எந்த இசைக் கம்பெனியும் அவர் பின்னால் கிடையாது. மரங்களுக்கு முன்னால் நின்று, முன்னே ஒரு மைக்கை வைத்துக்கொண்டு பாடிய வீடியோ யூடியூபில் ஏறியது, இரண்டே வாரத்தில் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில், அதாவது அமெரிக்காவின் வாராந்திர ஹிட் பாட்டு வரிசையில், முதல் இடம். அதற்கு முன் எந்த பில்போர்டு பட்டியலிலும் தலைகாட்டாத ஒருவர் நேராக முதல் இடத்திலேயே நுழைந்தது அதுதான் முதல் தடவை.

குரலைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. கையில் ரெசனேட்டர் கிட்டார், உள்ளே உலோகக் கூம்பு வைத்தது, சாதாரண கிட்டாரைவிடக் கரகரவென்று கொஞ்சம் தகர ஒலி வரும், அதோடு போட்டி போடுகிற மாதிரி இவர் தொண்டையும் பல்லவிக்கு ஏறும்போது கிழிகிறது. நாள் முழுக்க உடம்பை விற்கிறேன், ஓவர்டைம் பார்க்கிறேன், கைக்கு வருவது ஒன்றுமில்லை, வீட்டுக்கு வந்து குடித்துவிட்டுக் கிடக்கிறேன் என்று தொடங்கும் அந்த முதல் வரிகளை நடிப்பு என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவரே பிறகு எழுதியிருந்தார்: வட கரோலினாவில் ஒரு காகித ஆலையில் வாரத்துக்கு 6 நாள் இரவு ஷிஃப்ட், மணிக்கு 14.50 டாலர், 2013-ல் வேலையிடத்தில் கீழே விழுந்து மண்டை ஓட்டில் விரிசல், ஆறு மாதம்போல வேலைக்கே போக முடியாமல் வீட்டோடு கிடந்தது.

சரி, இப்போது பாட்டுக்கு வருவோம். அந்த ஆலை பாட்டில் இருக்கிறதா? இல்லை. மண்டை உடைந்தது? இல்லை. 14.50 டாலரைக் கொடுத்த முதலாளி எங்காவது ஒரு வரியிலாவது தலைகாட்டுகிறாரா? அவரும் இல்லை. தலைப்பில் வரும் பணக்காரர்கள் வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்டுக்கு வடக்கே இருக்கிறார்கள், அதாவது நூறு மைல் தள்ளி வாஷிங்டனில். அவர்களுக்கு எல்லாரையும் கட்டுப்படுத்த ஆசை, நீ என்ன நினைக்கிறாய் என்றுகூடத் தெரிந்துகொள்ளத் துடிக்கிறார்கள். அவ்வளவுதான் அடையாளம். முகமில்லை, தொழிலில்லை, கிடைப்பதெல்லாம் ஒரு திசை.

ஆனால் பாட்டில் ஒரே ஒரு ஆளை மட்டும் நன்றாக உற்றுப் பார்த்து வர்ணித்திருக்கிறார். உயரம் 5 அடி 3 அங்குலம், எடை 300 பவுண்டு, நம் கணக்கில் 136 கிலோ, கையில் ஃபட்ஜ் ரவுண்ட்ஸ் பை. (இரண்டு மெத்தென்ற சாக்லேட் பிஸ்கட்டுக்கு நடுவில் க்ரீம் வைத்தது, மலிவான தின்பண்டம்.) இதற்கெல்லாம் வரிப்பணம் போகக்கூடாது என்கிறார். பாட்டு எழுதுகிறவனிடம் இருக்கிற பெரிய ஆயுதம் நுணுக்கம், அதை யார் மேல் எடுத்து வீசுகிறான் என்பதில்தான் அவன் கோபம் எங்கே இருக்கிறது என்று தெரியும். இவர் கோபம் கீழே பார்க்கிறது. தான் ஏழைகள் பக்கம்தான் என்று ஆண்டனி பிறகு விளக்கம் கொடுத்தார், நம்புகிறேன், ஆனால் அந்த வரி அதைச் சொல்லவில்லையே. 2023-ல், ஏழைகள் மளிகை வாங்க அரசு பணம் கொடுக்கும் உணவு உதவித்திட்டத்தில் ஒருவருக்குச் சராசரியாகக் கிடைத்தது நாளுக்கு 6, 7 டாலர், மொத்தத் திட்டமும் மத்திய அரசின் செலவில் 2 சதவீதத்துக்கும் கீழே. வாங்குகிறவர்களில் வேலை பார்ப்பவர்களும் ஏராளம், கூலி பற்றாமல் வாங்குகிறார்கள். முதல் வரியில் புலம்பும் ஆளும் இவர்களும் ஒரே தெருவில்தான் குடியிருப்பார்கள்.

எனக்கு அதிகம் உறுத்துவது அதற்கு அடுத்த வரி. இளைஞர்கள் தங்களைத் தாங்களே குழிக்குள் புதைத்துக்கொள்கிறார்கள், இந்த நாடு அவர்களை மிதித்துக்கொண்டே இருப்பதால். இது உண்மை. தற்கொலை, போதை மருந்து, குடியால் கெட்ட ஈரல் என்று படிப்பு குறைந்த வெள்ளை அமெரிக்கர்கள் நடுவயதிலேயே சாவது கூடிவருவதை பொருளாதார அறிஞர்கள் ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் இருவரும் 2015 முதல் எழுதிவருகிறார்கள். ஆக்ஸிகான்டின் வலி மாத்திரை 1996-ல் சந்தைக்கு வந்தது, அப்பலாச்சிய மலைச் சுரங்க ஊர்களில் குவிந்தது. போதைக்கு அடிமையாக்கும் அபாயத்தைக் குறைத்துச் சொல்லி விற்றதாக, மாத்திரையைத் தயாரித்த பர்டூ நிறுவனமும் அதன் மூன்று அதிகாரிகளும் 2007-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். எங்கே? ஆண்டனியின் அதே வர்ஜீனியாவில், அபிங்டன் ஊர் நீதிமன்றத்தில். அபராதமாகக் கட்டவேண்டி வந்தது 60 கோடி டாலருக்கும் மேல். பர்டூவின் தலைமையகம் அப்போது இருந்தது கனெக்டிகட் மாநிலம் ஸ்டாம்ஃபோர்டில். ரிச்மண்டுக்கு வடக்கேதான்! பெயரும் முகவரியும் உள்ள பணக்காரர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, பாட்டு மளிகைக்கடை வரிசையில் நிற்கிற குண்டான ஆளை அளந்துகொண்டு இருக்கிறது.

இருட்டாகப் பாடாதே என்று நான் சொல்லவில்லை. கடைசியில் ஒரு நம்பிக்கைக் கீற்று வைக்கச் சொல்லும் ஆளும் நானில்லை, அதெல்லாம் வேப்பிலைக் கஷாயத்தில் சர்க்கரை போடுகிற வேலை. அமெரிக்கப் பாடகர் மெர்ல் ட்ராவிஸ் 1946-ல் பதிவுசெய்த 'சிக்ஸ்டீன் டன்ஸ்' இதைவிட இருட்டு. பதினாறு டன் நிலக்கரி அள்ளினாலும் கடன்தான் ஏறுகிறது, சாகக்கூட முடியாது, ஆத்மாவே அடகில் இருக்கிறது. யாரிடம் அடகு என்பது மட்டும் அதில் தெளிவு: சுரங்கக் கம்பெனி நடத்துகிற கடையிடம். கேட்கிறவனுக்கு வழி ஒன்றும் தெரிவதில்லை, ஆனால் கணக்கு எங்கே எழுதப்படுகிறது என்று தெரிகிறது.

எதிரிக்கு முகம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆண்டனியே சீக்கிரம் பார்த்துவிட்டார். ஆகஸ்ட் 23, மில்வாக்கியில், அதிபர் தேர்தலில் நிற்க விரும்பிய குடியரசுக் கட்சி ஆட்களின் முதல் டிவி விவாதம். பாட்டைப் போட்டுக்காட்டிவிட்டு முதல் கேள்வியையே அதிலிருந்து கேட்டார்கள். மேடையில் நின்றவர்களில் ஒருவருக்கும் அது தன்னைப் பற்றியதாக இருக்கலாம் என்று தோன்றவில்லை. நான் எழுதியதே இவர்களைப் பற்றித்தான் என்று ஆண்டனி பிறகு சிரித்தார். அவர்களைக் குறைசொல்லி என்ன பயன், எந்தப் பணக்காரனுக்கும் அளவு பொருந்தாத சட்டையைத் தைத்தது இவர்தானே.

இங்கிலாந்துப் பாடகர் பில்லி பிராக் உடனே ஒரு பதில் பாட்டு போட்டார், தொழிற்சங்கத்தில் சேருங்கள் என்று. அரசியல் கணக்கில் அவர் சொன்னது எனக்கு முழுக்கச் சம்மதம். பாட்டாக? ஒருமுறை கேட்டேன், அதற்குமேல் ஓடவில்லை. ஆண்டனியின் பாட்டை மட்டும் அந்த ஃபட்ஜ் ரவுண்ட்ஸ் வரி வரும்போது எரிச்சல்பட்டுக்கொண்டே இன்னும் போட்டுக் கேட்கிறேன்.