ஆதி தனியாக நிற்கும் திரை

மின்னூல் வாசிப்புக் கருவி வாங்கலாமா, அச்சு நூலே போதுமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதில் எதைப் படிக்கப் போகிறீர்கள்? காகிதத்தின் மணம் பற்றிய வாதங்களில் எனக்கு ஆர்வமில்லை. கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தமிழ் வாசகருக்கு அது பயன்படுமா என்பதைத் தீர்மானிப்பது அதற்குள் வந்து சேரும் கோப்பின் தரமே என்பதை ஐந்தாண்டுகளாக அமேசானின் கிண்டில் ஒன்றைப் பயன்படுத்தியதில் கண்டுகொண்டேன்.

வாங்கியதற்குக் காரணம் வெள்ளெழுத்து. மலிவுப் பதிப்புகளின் பொடி எழுத்தோடு மல்லுக்கட்டிக் களைத்திருந்த எனக்கு, எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ள முடிந்ததே பெரிய விடுதலையாக இருந்தது. கைப்பேசித் திரையைப் போலன்றி, இதில் மிக நுண்ணிய குமிழ்களுக்குள் இருக்கும் கறுப்பு வெள்ளைத் துகள்கள் மின்புலத்துக்கேற்ப இடம் மாறி எழுத்தாகின்றன; அவற்றை அப்படியே நிறுத்திவைக்க மின்சாரம் தேவையில்லை என்பதால் ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் தாங்குகிறது, வெயிலில் அமர்ந்தும் படிக்க முடிகிறது. எண்ணூறு பக்க நாவலைப் படுத்தபடி படித்து மணிக்கட்டு வலித்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

கிண்டில் வெளிவந்தது 2007இல். அதன் கடையில் தமிழ் நூல்கள் முறையாக இடம்பெற்றதோ 2016இன் இறுதியில். அதற்கு வெகுகாலம் முன்பே, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இலவசமாக வழங்கத் தொடங்கியிருந்தார்கள். அவை எழுத்துகளாகவே இருப்பதால் கருவியில் நன்றாகப் படிக்க முடிகிறது. அச்சுப் பக்கத்தை அப்படியே படம்பிடித்த கோப்புகளின் கதை வேறு. ஆறு அங்குலத் திரையில் அவற்றின் எழுத்தை மட்டும் பெரிதாக்க வழியில்லை. பக்கத்தையே பெரிதாக்கி, இடமும் வலமும் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். அவற்றுக்குக் கணினியே மேல். விலைகொடுத்து வாங்கிய மின்னூல் ஒன்றில், பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றியபோது உதிர்ந்த ஒற்றைக் கொம்புகள் வரிதோறும் தனித்து நின்றன. மாற்றியபின் ஒருவரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்தது.

எனக்கு உண்மையிலேயே மனம் ஒப்பாதது செய்யுள்தான். குறள் என்றால் முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று. என் கண்ணுக்கேற்ற அளவில் எழுத்தை வைத்தால், முதல் குறளின் ‘ஆதி’ இடம் போதாமல் தனியாக அடுத்த வரிக்கு இறங்கிவிடுகிறது. ‘அகர’ என்றும் ‘பகவன்’ என்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க வேண்டிய எதுகைக்கு நடுவே அது நுழைந்துகொள்ள, ஈரடி மூவடியாகிறது. எதுகை காதுக்குத்தானே என்று சொல்லலாம். ஆனால் அடி எங்கே தொடங்குகிறது என்பதைக் கண் காட்டிக்கொடுக்காவிட்டால், செய்யுளில் அவ்வளவு பழக்கமில்லாதவருக்குக் காதும் தடுமாறும். பரிமேலழகர் உரையோடு படிக்கையில் தொல்லை இன்னும் அதிகம். மூலத்துக்கும் உரைக்கும் இடையே ஒரு விரலை அடையாளமாகச் செருகிவைத்துப் புரட்டும் பழக்கத்துக்கு இந்தக் கருவி இன்னும் ஈடு கண்டுபிடிக்கவில்லை.

நூல் நமக்குச் சொந்தமா என்ற கேள்வியும் உண்டு. 2009இல் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலை, அந்த மின்பதிப்பை விற்றவருக்கு உரிமையில்லை என்ற காரணத்தால், வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் நீக்கிப் பணத்தைத் திருப்பித் தந்தது. எல்லோரையும் கண்காணித்து, பழைய ஆவணங்களை அழித்து மாற்றி எழுதும் அரசைப் பற்றிய நாவல் அது; நீக்கப்பட்டது வேறு நாவலாக இருந்திருந்தால் இவ்வளவு பேச்சு எழுந்திருக்காது. என் நூல் எதுவும் அப்படி மறையவில்லை. எனக்கு நேர்ந்த சங்கடம் இரவல் கொடுப்பதில்தான். நான் ரசித்துப் படித்த ஒரு நாவலை அக்காவும் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நூலை மட்டும் பிரித்துக் கொடுக்க வழி தெரியாததால் கருவியையே கொடுத்தனுப்பினேன். இரண்டு மாதங்களாகின்றன. எழுத்தைப் பெரிதாக்கும் வித்தையை அவரும் கற்றுக்கொண்டுவிட்டதால், நான் மறுபடி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மலிவுப் பதிப்புகளோடு உட்கார்ந்திருக்கிறேன்.