கட்டாய ஓய்வுக் கடிதமும் ஒரு மாதக் கணக்கும்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கட்டாய ஓய்வுக் கடிதம் கிடைத்த உத்தியோகத்தர் பெரும்பாலும் திணைக்களத் தலைவர் ஊடாக மேன்முறையீடு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். மேலிடத்தில் கேட்காமல் கோட்டுக்குப் போவது சரியில்லை என்ற எண்ணம் நியாயமானதுதான். ஆனால் நல்ல வழக்குகள் பல அந்தக் காத்திருப்பிலேயே வீணாகின்றன.

உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126(2) உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம். மேன்முறையீட்டை அனுப்பிவிட்டதாலேயே அந்தக் கணக்கு நின்றுவிடாது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவுதான் கைகொடுக்கும்: மாதம் முடியுமுன் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நிலுவையில் உள்ள காலம் கழிக்கப்படும். ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் உண்டு. முறைப்பாட்டு இலக்கத்தோடு திருப்தியடைந்துவிடக் கூடாது. விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததா என்று உயர் நீதிமன்றம் பார்க்கிறது. அழைப்புக் கடிதம், எதிர்த்தரப்பிடம் விளக்கம் கேட்ட கடிதத்தின் பிரதி, எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

அடுத்த சிக்கல், தவறான கதவைத் தட்டுவது. மத்திய அரசாங்க உத்தியோகத்தர் அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கும், பின்னர் 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி நிருவாக மேன்முறையீட்டு நியாயசபைக்கும் போகலாம். ஆணைக்குழுவின் கட்டளையை வேறு நீதிமன்றங்கள் விசாரிப்பதை அரசியலமைப்பின் 61அ உறுப்புரை தடுக்கிறது. நியாயசபையும் 126ஆம் உறுப்புரையின் அடிப்படை உரிமை மனுவும் மட்டுமே விலக்கு. ஆகவே இந்தப் படிகளைச் சடங்காக நினைக்கக் கூடாது. மாகாண சேவையில் உள்ளவருக்குக் கொழும்பு ஆணைக்குழு உரிய இடமல்ல. அவருடைய விடயம் திருகோணமலையில், கிழக்கு மாகாண பொதுச் சேவை ஆணைக்குழுவிடம். அதன் ஒழுக்காற்றுக் கட்டளையை மாற்றும் அதிகாரம் ஆளுநருக்கு உண்டு. முப்படையினரை 170ஆம் உறுப்புரை ‘அரசாங்க உத்தியோகத்தர்’ என்ற வரைவிலக்கணத்திலேயே சேர்க்கவில்லை. அவர்கள் படைக்குள்ளேயே எழுத்தில் குறைகேட்டு, பிறகு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (அதிகாரியின் முடிவை இரத்துச் செய்வது போன்ற நீதிமன்றக் கட்டளை) கோர வேண்டும், அல்லது ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் செல்ல வேண்டும். எழுத்தாணைக்கு நாள் கணக்கு எழுதப்படவில்லை. ஆனாலும் விளக்கமில்லாத தாமதம் மனுவைக் கவிழ்த்துவிடும்.

கடிதம் வந்த உறையை எறியாதீர்கள். அது கைக்கு வந்த நாளைக் காட்டத் தபால் முத்திரைத் திகதி உதவும். சிங்களத்தில் வந்த கடிதத்தை மொழிபெயர்க்கவே பத்து நாள் போய்விடுகிறது. தமிழ்ப் பிரதியை எழுத்தில் கேளுங்கள், ஆனால் அது வரும்வரை கை கட்டியிருக்க வேண்டாம். சொந்தக் கோவையின் பிரதிகளைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கோரினால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் அதுவே பெரும்பகுதி என்பதால் கடிதம் கிடைத்த வாரமே விண்ணப்பியுங்கள்.

மேன்முறையீட்டில் குடும்பக் கஷ்டத்தை எட்டுப் பக்கம் எழுதுவோர், எந்த விதியின் கீழ் ஓய்வு கொடுத்தார்கள், அது ஏன் பொருந்தாது, என்ன நிவாரணம் வேண்டும் என்ற மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, முற்பிரதியை நேரே உரிய சேவை ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். ஓய்வூதியப் படிவத்தில் கையொப்பமிடும்போது, ‘எனது மேன்முறையீட்டு உரிமைக்குப் பாதகமின்றி’ என்ற வரியைக் கையால் எழுதி, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.